பன்னிரண்டு வாசல் – 11: வெந்நீர்க் குளம்

துணி துவைக்கும் அறைக்குள் கண்ணாடியம்மா நுழைந்ததும் பேச்சு நின்றது.

இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எதிரே நின்ற இரண்டு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை ஞாபகம் வந்துவிட்டது. ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இன்னொருத்தி, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே நிறுத்தப் போனாள்.

"நீங்க போடுங்கக்கா. எனக்கு அவசரமில்ல."

"ஓடட்டும். நான் அப்புறம் வர்றேன்."

"இல்லக்கா, நீங்க..."

"பரவாயில்ல."

எல்லோரும் இப்போது அவளுக்கு இப்படித்தான் விட்டுக்கொடுத்தார்கள். வரிசையில் முதல் இடம். சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர நாற்காலி. அவள் பாத்திரம் கழுவ வேண்டிய முறை வந்தால், யாரோ முன்கூட்டியே கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். நல்ல மனிதர்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததோடு சரி. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது. கன்னம் இருக்கிறது, விரலும் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது எதைப் பற்றி என்பதும் அவளுக்குத் தெரியும். வெளியே அறிவிப்புப் பலகையில், போன வாரம் அவளுடைய கொழுந்தன் ஒட்டிய காகிதம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வீடுகள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கட்டடம். அதில் சமையலறை, சாப்பாட்டுக் கூடம், மரப்பட்டறை, துணி துவைக்க ஓர் அறை, பின்னால் கண்ணாடிச் சுவர் வைத்த குளம். குளம் என்று பெயர்தான். ஆறு பேர் இறங்கினால் முழங்கை இடித்துக்கொள்ளும். செலவெல்லாம் வீட்டுக்கு ஒரு பங்கு. பொது இடத்துக்கு எந்த வீடும் தனியாகப் பணம் போடக்கூடாது. போட்டால் அது 'எங்களுடையது' ஆகிவிடும் என்று குடிவந்த புதிதிலேயே எல்லோரும் சேர்ந்து போட்ட விதி.

குளம் வந்தது கண்ணாடியம்மாவின் சின்ன மகளுக்காக. பிறந்ததிலிருந்தே கால் தசையில் வலுவில்லாத பெண். தரையில் நிற்கக்கூட யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். வெந்நீரில் இறங்கிவிட்டால் நடப்பாள், ஆடுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். தண்ணீர் கொஞ்சம் ஆறினாலும் காலை இழுத்துக்கொள்ளும். அதனால் வருஷம் முழுக்க வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும். அதற்கான செலவைப் பன்னிரண்டு வீடும் முகம் சுளிக்காமல் பகிர்ந்துகொண்டது.

மழை தொடங்கியபோது அவளுக்குச் சளி பிடித்தது. மழை விட்டபோது அவள் இல்லை.

குளம் மட்டும் சூடாகவே இருந்தது. யாரும் இறங்குவதில்லை. இறங்கக் கூச்சம், அணைக்கச் சொல்லவும் கூச்சம். ஆனால் அதே மழையில் சாப்பாட்டுக் கூடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. கொழுந்தன் ஒட்டிய காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: கூரையைச் சரிசெய்ய, வரும் மாதத்திலிருந்து எல்லா வீட்டின் பங்கையும் கூட்ட வேண்டும், அல்லது குளத்தைச் சூடாக்குவதை நிறுத்த வேண்டும். இன்று மாலை கூட்டம்.

"அண்ணி!"

கொழுந்தன் பின்னாலேயே வந்துவிட்டார். பள்ளியில் கணக்கு வாத்தியார். அதனாலேயே பொதுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. அண்ணன் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது.

"அண்ணன் என்கூடப் பேசறதே இல்ல அண்ணி. நேத்து எதிர்ல வந்தார். சுவரைப் பாத்துட்டே போயிட்டார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"என்ன சொல்லணும்?"

"சாயங்காலம் கூட்டத்துல கோபப்பட வேணாம்னு."

"அவர் கோபப்பட்டுப் பாத்து ரொம்ப நாளாச்சு. வந்தா வரட்டுமே."

கொழுந்தன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நான் வேற எப்படி எழுதறது? அவ என் தோள்ல ஏறி வளந்தவ. எனக்கு மட்டும் கை வந்துச்சுன்னா நினைக்கறீங்க?"

"நீங்க எழுதினது சரிதான். போய் வேலையப் பாருங்க."

அவர் போகவில்லை. இரண்டு திட்டு வாங்கினால் பாரம் இறங்கும் என்று நிற்பவர் போல நின்றார். அவளிடம் திட்டும் இல்லை.

வீட்டில் கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுப் பொந்துகளில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர். முன்பெல்லாம் சாப்பிடும்போது அந்தக் கதைகளைச் சொல்லுவார்: பாதி வழியில் மாட்டிக்கொண்ட கல்யாணக் கோஷ்டி, தனியாக மேலே போன நாய். இப்போது சொல்வது ஒரே சேதிதான்.

"அரை டிகிரி இறங்கியிருக்கு. சாயங்காலம் வந்து வால்வைப் பாக்கணும்."

காலையும் மாலையும் அவர் குளத்துக்குப் போனார். வெப்பமானியைப் பார்ப்பார், மேலே மிதக்கிற தூசியை வலையால் எடுப்பார். பிறகு காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் வருவார்.

மேஜையில் பெரிய மகள் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் மரத்தூள். தச்சு வேலை கற்றுக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தமாக முதல் வேலை ஒன்று கிடைத்திருந்தது. ஒரு புத்தக அலமாரி. விடிந்ததும் பொதுப் பட்டறைக்குப் போனால், வீட்டுக்கு வருவது சாப்பிட மட்டும்தான்.

"அப்பா, கூட்டத்துல என்ன சொல்லப் போறீங்க?"

"குளத்துச் செலவு மொத்தத்தையும் நாமளே பாத்துக்கறோம்னு சொல்லப் போறேன்."

"அது கூடாதுன்னு விதி இருக்கே?"

"விதி நாம போட்டதுதானே. மாத்தினா மாறும்." அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

"நீங்க நினைச்சதைச் சொல்லுங்க. எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்."

அது பொய் இல்லை. சூடான தண்ணீர், ஆறின தண்ணீர், தண்ணீரே இல்லாத குழி, எதை நினைத்தாலும் அவளுக்குள் ஒன்றும் நகரவில்லை. பெரியவள் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிச்ச ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டாள்.

*

கண்ணாடிக் கடை கடைத்தெருவின் கோடியில் இருந்தது. முன்பக்கம் ஃபிரேம்கள், பின்பக்கம் கண் பார்க்கும் சின்ன அறை. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது அவள் வேலை. மகள் போனதற்கு அப்புறம் இந்த வேலை மட்டும்தான் சுலபமாக இருந்தது. இருட்டு அறை. ஒரே கேள்வி. யாரும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

மதியத்துக்குச் சற்று முன் பஸ்காரர் வந்தார்.

கடைசி வீட்டுக்காரர். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மூட்டுவலி, பிள்ளைகள் இல்லை. கொஞ்ச நாளாகப் பொதுச் சாப்பாட்டுக்கு அவர்கள் வருவதில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியம்மா, கால் உடைஞ்சு போச்சு."

பதறிப்போய் அவர் காலைப் பார்க்க வேண்டாம். கையில் நீட்டியது மூக்குக்கண்ணாடியை. ஒரு பக்கம் கம்பி தனியாக வந்திருந்தது.

"இதை எதுக்கு ஒட்டிக்கிட்டு? உங்களுக்குப் புதுசு தயாராத்தானே இருக்கு." அவள் இழுப்பறையைத் திறந்தாள்.

"அதை வேற யாருக்காவது குடுத்துடுங்கம்மா."

"உங்க கண்ணுக்குன்னு அரைச்சதை யாருக்குக் குடுக்கறது? ஒரு கண்ணு கிட்டத்துக்கும் ஒரு கண்ணு தூரத்துக்கும் சண்டை போடற ஆள் இன்னொருத்தர் வரணுமே."

பஸ்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"வேணாம்மா. இப்போதைக்கு முடியாது."

அவள் இழுப்பறையை மூடினாள். உடைந்த கம்பியை வாங்கி, ஆணி போட்டு முடுக்க ஆரம்பித்தாள். அவளாக எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் அவரால் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"வீட்டம்மா மருந்துக்கே பாதி போயிடுது. இப்ப இருக்கற பங்குன்னா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி எப்படியாவது குடுத்துடுவேன். ஏறிச்சுன்னா முடியாது. என் மச்சினன் அவன் ஊர்ல ஒரு ரூம் பாத்து வச்சிருக்கான். மாடியில. நாளைக்குள்ள சரின்னு சொல்லணும். சொல்லிடலாம்னுதான் இருக்கேன்."

"மாடியா? அவங்க எப்படி ஏறுவாங்க?"

"ஒருதரம் ஏத்தி விட்டுட்டா அப்புறம் இறங்க வேணாமே." அவர் அதை வேடிக்கையாகச் சொல்ல நினைத்தார் போல.

"கூட்டத்துல சொல்லுங்க. யாரும் உங்களை விட மாட்டாங்க."

"மாட்டேன்." குரல் உடனே உயர்ந்தது. "நீங்களும் சொல்லக்கூடாது. உங்க வீட்டுக்காரர் கிட்டகூடச் சொல்லக்கூடாது. நான் சொன்னா குளத்தைத்தான் நிறுத்துவாங்க. வாத்துக்குட்டியோட தண்ணிய ஆறவச்சது நான்னு இருக்கக்கூடாதும்மா."

வாத்துக்குட்டி என்று அவர்தான் சின்னவளுக்குப் பெயர் வைத்திருந்தார். குளத்தில் ஒரு முனையில் அவர் நிற்பார். மறுமுனையிலிருந்து அவள் நடந்து வருவாள். பக்கத்தில் வந்ததும், 'பின்னாடி நகருங்க, பின்னாடி நகருங்க, வண்டி காலியாத்தானே இருக்கு' என்று கண்டக்டர் மாதிரி அவரை விரட்டுவாள். எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டின மனிதர் ஒரு குழந்தையின் அதட்டலுக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருப்பார்.

"சத்தியமா சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லல."

சரிசெய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் போனார். கூலி வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டு மேஜையில் சில்லறையை வைத்துவிட்டுப் போனார்.

அவள் இருட்டு அறைக்குள் போய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். இது வலிக்க வேண்டிய விஷயம் என்று புரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ அழுவது கேட்பது போல இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. யாரும் இறங்காத தண்ணீர் சூடாக இருக்கும். அதற்காக இரண்டு பேர் ஒரு மாடியில் ஏறி, இறங்காமலே இருப்பார்கள்.

இங்கே இன்னொரு விதியும் உண்டு. கூட்டத்தில் ஒருவர் மறுத்தால்கூட முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். ஒழுகும் கூரை அதுவரை காத்திருக்காது; முடிவு வரும்வரை ஏறின பங்கைத்தான் கட்ட வேண்டும்.

கணவருக்குப் போன் செய்தாள். எங்கோ பொந்துக்குள் இருந்து குரல் எதிரொலித்தது.

"என்ன?"

வாய்வரை வந்தது. கொடுத்த வாக்கும் கூடவே வந்தது.

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டீங்களா?"

"ம்."

*

கூடத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். ஒழுகின இடத்துக்கு நேர் கீழே ஒரு மேஜையை நகர்த்திவிட்டு வட்டமாக நாற்காலி போட்டிருந்தது. கூரையில் பழுப்புக் கறை, யாரோ தேநீரைக் கொட்டியது போல. பஸ்காரர் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கதவோரம் உட்காரவைத்தார்.

கொழுந்தன் எழுந்து நின்று படித்தார். குரல் வகுப்பில் பாடம் எடுப்பது போல ஆரம்பித்து, குளம் என்ற வார்த்தை வந்ததும் தேய்ந்தது.

கணவர் எழுந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். அவள் அதைக் கவனித்தாள்.

"குளத்துச் செலவை எங்க வீடே ஏத்துக்கும். யாரும் பங்கு கூட்ட வேணாம். எதையும் நிறுத்தவும் வேணாம்."

எங்கும் பெருமூச்சு. எல்லோருடைய தோளும் ஒரு விரல் இறங்கியது. கொழுந்தன் மட்டும் நிமிரவில்லை.

"அண்ணா... அது முடியாது. பொது இடத்துக்கு ஒரு வீடு தனியாப் பணம் போடக்கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்ததே நீங்கதான்."

அது உண்மை. குடிவந்த புதிதில், பட்டறைக்குத் தன் செலவில் குளிர்சாதனம் வைக்கிறேன் என்று ஒரு வீட்டுக்காரர் கிளம்பியபோது, எழுந்து நின்று மறுத்தவர் இவர்தான். கணவர் உட்கார்ந்தார்.

"அப்ப... குளத்துச் சூட்டை நிறுத்தறதுல யாருக்காவது மறுப்பு இருக்கா?" கொழுந்தன் தரையைப் பார்த்துக் கேட்டார்.

கணவரின் கை முழங்காலில் இருந்து அசைந்தது. அதற்குள் கதவோரத்திலிருந்து ஒரு குரல்.

"எனக்கு இருக்கு."

பஸ்காரர். ஒட்டுப்போட்ட கண்ணாடியோடு நேராக நின்றிருந்தார். "அது வாத்துக்குட்டியோட தண்ணி. ஆறக்கூடாது. பங்கை ஏத்துங்க. எங்க வீடு குடுக்கும்."

பக்கத்தில் அவர் மனைவி இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

இரண்டு மூன்று பேருக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் அந்தப் பக்கம் திரும்பி, கைகூப்பாத குறையாகப் பஸ்காரரைப் பார்த்தார். இனி யாரும் எதுவும் பேசப் போவதில்லை. பங்கு ஏறும். நாளை காலை மச்சினனுக்குப் போன் போகும்.

கண்ணாடியம்மா உட்கார்ந்தபடியே பேசினாள். கடைக்கு வந்தவருக்கு அவர் கண்ணாடியின் பவரைச் சொல்லுகிற குரல்.

"அவ செத்துப்போயிட்டா."

அந்த வார்த்தையை இதுவரை அந்தக் கூடத்தில் யாரும் சொன்னதில்லை. போய்விட்டாள், இல்லாமல் ஆகிவிட்டாள், என்றுதான் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்திருந்தார்கள்.

"அவ செத்துப்போயிட்டா. அந்தத் தண்ணியில இறங்க இனிமே அவ வரப்போறதில்ல. ஆளில்லாத தொட்டிய எதுக்குச் சூடு பண்ணிட்டிருக்கோம்? பெத்தவ நான் சொல்றேன். அணைச்சிடுங்க."

பஸ்காரர் அவளையே பார்த்தார். அவள் ஏன் சொல்கிறாள் என்று அந்தக் கூடத்தில் புரிந்த ஒரே ஆள் அவர்தான். ஏதாவது சொன்னால் மொத்தமும் வெளியே வந்துவிடும் என்பதால் மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்கு... மறுப்பு இல்ல" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"வேற யாருக்காவது?"

கணவர் எழுந்து, பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு குளத்துக்குப் போனார்.

*

அவள் போனபோது அவர் சூடேற்றும் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அந்த இயந்திரத்தைப் பொருத்தியதும் அவர்தான். ஒவ்வொரு குமிழாகத் திருப்பினார். கடைசியாக ஒரு பொத்தானை அழுத்தினார். ஹூம் என்ற சத்தம் நின்றது. அப்படி ஒரு சத்தம் இத்தனை வருஷமாக அங்கே இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"காலையில எதுன்னாலும் ஒண்ணுதான்னு சொன்ன."

"ஆமா."

"அப்புறம் என்ன ஆச்சு?"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே பஸ்காரரும் மனைவியும் தங்கள் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மனைவி நின்று மூச்சு வாங்கினாள், பஸ்காரர் காத்திருந்தார், மறுபடி நடந்தார்கள்.

"ஒண்ணும் ஆகல" என்றாள் கண்ணாடியம்மா.

"எனக்கு எதிரா நீ பேசினதுல வருத்தமில்ல. அந்த வார்த்தைய எல்லார் முன்னாடியும் சொன்ன பாரு. எப்படி வந்துச்சு உனக்கு?"

எப்படி வந்தது? எதுவும் வலிக்காத ஒருத்திக்குத்தான் அது வரும். அந்த வேலைக்கு இன்று அப்படி ஒருத்தி தேவைப்பட்டாள். இதை எப்படிச் சொல்வது?

அவர் மூடியைத் திரும்பப் பொருத்தினார். ஆணிகளை ஒழுங்காக முடுக்கினார். வேலையை அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டை வித்துடலாம்."

"என்ன?"

"என்னால இனிமே இங்க இருக்க முடியாது. தம்பி முகத்துல முழிக்க முடியாது. இந்தக் கதவைத் தாண்டிப் போக முடியாது. வேற எங்கயாவது போயிடலாம். சாதாரண வீடு. பக்கத்துல யார் இருக்காங்கன்னே தெரியாத வீடு." கோபமே இல்லை. எந்த மாடியில் எந்தக் கம்பி தேய்ந்திருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். "நாளைக்கே தரகர்கிட்டப் பேசறேன்."

ஒரே ஒரு வாக்கியம். பஸ்காரர் வீட்டு நிலைமையைச் சொன்னால் போதும், இந்த மனிதர் உருகிவிடுவார். சத்தியம் செய்திருக்கிறாள்.

"நீங்க போங்கப்பா."

இருவரும் திரும்பினார்கள். கதவில் பெரியவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அழுதிருந்தாள், மரத்தூள் கன்னத்தில் கோடு போட்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் எங்க வேணும்னாலும் போங்க. நீங்க தண்ணியோட பேசுறீங்க. அம்மா யாரோடயும் பேசறதில்ல. இங்கதான் என்னை யாராவது சாப்பிட்டியான்னு கேக்கறாங்க. நான் வரலை."

சொல்லிவிட்டு அவள் முற்றத்தைத் தாண்டி நடந்தாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. சித்தப்பா வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. உள்ளே போனாள். மூடிக்கொண்டது.

கண்ணாடியம்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்ட நாளிலிருந்து முதன்முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது.